கார்டு எண் போன வழி

மாமா அன்று ஃபோனைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்தபடி கடை வாசலில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தாராவியில் எங்கள் வீட்டுக்கு நான் திரும்பிக்கொண்டிருந்தேன். "ஏ பிள்ள, இங்க வா. இந்தியில என்னமோ எழுதிருக்காவ. நான் படிச்சது சரிதானான்னு பாரு" என்று ஃபோனை நீட்டினார். மாமாவிடம் ஆன்லைனில் தோல் பை வாங்கிய ஒரு புனேக்காரப் பெண்மணி எழுதியிருந்தார். பை நன்றாக இருக்கிறது, தையலும் நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் வெப்சைட்டில் கார்டு எண் போட்ட பிறகு ஓடிபி கேட்காத வெளிநாட்டு சைட்களில் என் கார்டில் யாரோ எதையெதையோ வாங்கிவிட்டார்கள் என்று. மாமா என்னைவிட நன்றாக இந்தி படிப்பவர். தான் படித்தது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் எங்களுக்கு உறவில் மாமா இல்லை. அவர்கள் தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள், நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எதிரெதிர் வீடு என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மாமா. தோல் பைகள் செய்து மாட்டுங்காவிலும் கல்யாணிலும் உள்ள கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், மகள் சொன்னதைக் கேட்டு வெப்சைட் தொடங்கினார். குவாஹாட்டியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தபோது, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடிப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னார்.

நவி மும்பை ஐரோலியில் என் வேலையே இதுதான். ஆன்லைன் கட்டணங்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று வங்கிகளுக்காகப் பார்த்துச் சொல்லும் அலுவலகம். ஆகவே சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவேன் என்று மாமா நம்பினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார்டு எண்ணைத் தட்டுகிற அந்தப் பெட்டி மாமாவுடையது அல்ல. அதை இயக்கும் கோடு, அதாவது கம்ப்யூட்டர் நிரல், பணம் வாங்கித் தரும் ஒரு கம்பெனியின் சர்வரிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து இறங்கும். வந்து இறங்குவது என்னவென்று கடைக்காரருக்குத் தெரியாது. நான் அதைத் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தேன். எல்லாம் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன. நான் ஓய்ந்துபோய் லேப்டாப்பை மூடப்போன நேரத்தில் ஒன்று மட்டும் சற்றே நீளமாக வந்தது. அதன் நடுவில், கார்டு எண்ணை வேறொரு முகவரிக்கும் அனுப்பச் சொல்லும் ஒரு வரி ஒளிந்திருந்தது. எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டும் திருட்டு.

கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்தார்கள். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். கடைக்காரரோட சைட்டைப் பாருங்க" என்றார்கள். வெப்சைட் செய்து கொடுத்த பையனைக் கேட்டால், "அவங்க கோடை வரவழைக்க அவங்களே குடுத்த ஒத்த வரியத்தானே தீதி ஒட்டினேன்" என்றான். என் மேனேஜரோ, நம் வாடிக்கையாளர் இல்லை, இதில் தலையிடாதே என்றார். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கடைசியில் மாமாவின் பக்கத்தில் நானே ஒரு பூட்டுப் போட்டேன். நல்ல கோடின் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தை, பையன் ஒட்டிய அந்த வரியோடு சேர்த்து எழுதிவைத்தால், அதிலிருந்து ஓர் எழுத்து மாறி வந்தாலும் வாங்குபவரின் பிரவுசர் அதை ஏற்காது. திருட்டு நின்றது. நான் பெருமையாக ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், பைகள் நன்றாகப் போகிற நாட்களில், மாமா அழைத்தார். "பிள்ள, யாருக்கும் பணம் கட்ட முடியலியாம். ஆர்டரெல்லாம் அந்தரத்துல நிக்கி." கம்பெனி தன் கோடை ஏதோ வசதிக்காக மாற்றியிருந்தது. முறையான மாற்றம்தான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. என் பூட்டு அந்தப் புதுக் கோடையும் திருட்டு என்று தடுத்துவிட்டது. இனி மாற்றினால் முன்கூட்டியே சொல்வீர்களா என்று கேட்டேன். தேவைப்படும்போதெல்லாம் மாற்றுவோம், அப்படிப் பூட்டுப் போடும்படி நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை என்று பதில் வந்தது.

கடைக்குப் போய் நிலைமையைச் சொன்னேன். பூட்டு இருந்தால் வியாபாரம் எந்த நேரமும் நிற்கலாம், எடுத்தால் திருடன் வரலாம்.

"எது நல்ல கோடுன்னு யாரு சொல்லணும்?"

"அவங்கதான் மாமா."

"அவங்க சொல்ல மாட்டேங்காவ."

"ஆமா."

"நீ பாத்தும் சொல்ல முடியாது."

"இன்னைக்கு வந்தது நல்லதுன்னு சொல்லலாம். நாளைக்கு வர்றதை எப்படிச் சொல்ல?"

மாமா பசை படிந்த விரல்களைத் துணியில் துடைத்தார். கார்டு போடும் பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னார். பிறகு கார்டில் பணம் கட்டியிருந்த ஒவ்வொருவரையும் அவரே ஃபோனில் அழைத்து, கார்டை மாற்றிவிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் அவரையே திருடன் என்று திட்டினார்கள். வீண் பயத்தைக் கிளப்புகிறீர்கள் என்று கம்பெனியிலிருந்து கண்டித்து மெயில் வந்தது. "எங்கிட்ட வாங்கினவங்கள்லா, நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார். ஆர்டர்கள் வற்றின. அடுத்த மழைக்காலத்துக்குள் வெப்சைட்டை மூடிவிட்டார். வெகுநாள் கழித்து அந்தக் கம்பெனி, "சில பக்கங்களில் காணப்பட்ட ஒரு குறை நீக்கப்பட்டது" என்று பொதுவாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மாமாவுக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

இப்போது விதிகள் கடுமையாகிவிட்டன. தன் கட்டணப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு கோடையும் கடைக்காரர் சரிபார்த்திருக்க வேண்டுமாம். ஊறுகாய் விற்பவரும் துணி விற்பவரும் "ஆம், சரிபார்த்தேன்" என்று தரும் பதில்கள் ஐரோலியில் என் மேசைக்கு வருகின்றன. எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டால், அதே படிவத்தை மறுபடியும் அனுப்புகிறார்கள். கோடை எழுதியவர்களை அந்தக் கேள்வி கேட்க எனக்கு இன்னும் அதிகாரம் இல்லை.

போன மாதம் கல்யாணுக்குப் போயிருந்தேன். மாமா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். மகள் அவருடைய பிரஷர் மாத்திரைக்கு ஃபோனில் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாள். கார்டு எண் கேட்கும் இடம் வந்ததும், "அக்கா, இதுல போடலாமா?" என்று ஃபோனை என்னிடம் நீட்டினாள். மாமாவும் என்னைப் பார்த்தார். நான் வாங்கி அங்குமிங்கும் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"வீட்டுக்குக் கொண்டு வரும்போது கையில காசு குடுத்துரு" என்றேன்.

மாமா எழுந்து, கொடியில் தொங்கிய சட்டையின் பையில் சில்லறை இருக்கிறதா என்று துழாவினார்.