தராசு அறையும் ஒரு வயிற்றுவலியும்

கிராமத்து ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக நிற்கிற எனக்கு வேலை கூட்டுவது, துடைப்பது, இப்போது புதிதாக, தாய்மாரைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கப் பண்ணுவது. பிள்ளை வளர்த்த உங்களுக்குத் தெரியும், கடைசி வேலைதான் பெரும்பாடு.

பலகை

எங்கள் டொக்டர் என் மகளின் வயதுப் பெண். பிள்ளைகளின் மனநலம் பற்றிய பயிற்சிக்குப் போய்வந்த கையோடு கடைசி அறையைத் துப்புரவாக்கி, ‘சிறுவர் மனநலம்’ என்று பலகை மாட்டுவித்தார். நான் ஒரு கற்பூரமும் கொளுத்தினேன். ஆட்கள் இருக்கவென்று வாசலில் போட்ட வாங்கு வெறுமையாகவே கிடந்தது.

நீர்வேலியிலிருந்து ஒரு தாய் ஒன்பது வயது மகளோடு வந்தா. பள்ளிக்கூட நாளென்றால் விடியவே பிள்ளைக்கு வயிற்றுவலி. சனி, ஞாயிறு ஒன்றுமில்லை. சோதனைகளிலும் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் கடைசி அறைக்கு வரச் சொன்னார். தாய் பலகையைப் பார்த்தா, பிள்ளையைப் பின்னால் இழுத்தா, என் காதுக்குள் சொன்னா: “அன்ரி, நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமோ?”

நூல்

டொக்டர் பலகையைக் கழற்றச் சொன்னார். நிறை பார்க்கும் தராசை அந்த அறைக்கு மாற்றினோம். இனித் தடிமனோ காய்ச்சலோ, எந்தப் பிள்ளையும் அதற்குள் போய்த்தான் வர வேணும். நிறை பார்க்க ஆருக்கு வெட்கம்?

அந்தத் தாய் திரும்பி வந்தா. பிள்ளையின் கையில் கோயில் நூல். டொக்டர் ஏசுவார் என்று பயந்து சட்டைக் கையை இழுத்து மறைத்தா. என் பிள்ளைகளையும் முருகனிடம் ஒப்படைத்து வளர்த்தவள் நான். டொக்டர் நூலைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: “நூலும் கிடக்கட்டும், நாங்களும் பாப்பம்.”

கதவுக்கு வெளியே

எங்கே நோகுது என்று டொக்டர் பிள்ளையைக் கேட்க, தாய் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினா. டொக்டர் என்னைப் பார்த்தார். தேத்தண்ணி குடிப்பம் என்று தாயை வெளியே கூட்டிவந்தேன். மகள் தனிய வாயே திறக்கமாட்டாள் என்று தாய் கதவோடு ஒட்டி நின்று சொல்லிக்கொண்டே இருந்தா. நான் மனதுக்குள் தேவாரம் சொன்னேன்.

கன நேரத்தால் டொக்டர் கூப்பிட்டார். அம்மாவுக்கும் சொல்லலாமோ என்று பிள்ளையைக் கேட்டார். பிள்ளை தலையாட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தபடி தானே சொன்னது: “நான் பள்ளிக்கூடம் போனா அம்மா திரும்பவும் கிணத்தடியிலை மயங்கி விழுவா. ஆர் தூக்கிறது?”

தாயின் முறை

தாய் கதிரையில் இருந்தபடி அழுதா. தகப்பன் வெளிநாட்டில். அன்று விழுந்ததைத் தாய் ஆருக்கும் சொல்லவுமில்லை, மருந்து எடுக்கவுமில்லை. டொக்டர் தாயைச் சோதித்தார், இரத்தம் குறைவு. விழுங்க இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார். இடைவேளையில் பிள்ளை தாயோடு போனில் கதைக்க வகுப்பு ரீச்சரிடம் கேட்டு ஒழுங்கு செய்தார். வயிற்றுவலி ஒரேயடியாக விட்டுவிடவில்லை. ஆனால் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

போன கிழமை நிறை பார்க்கக் கூப்பிட்டேன். பிள்ளை தராசில் ஏறாமல் தாயைப் பிடித்து முன்னால் தள்ளியது: “முதல் அம்மாவை நிறுங்கோ அன்ரி, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

பிள்ளைகளுக்கென்று திறந்த அறையில் அரைவாசி மருந்து தாய்மாருக்குப் போகிறது; மேலிடத்தார் கேட்டால் முருகன்தான் பதில் சொல்ல வேணும்.