செபமாலையில் தொடங்கிய குழு

மீன்பிடிக் கிராமமான மயிலிட்டியிலிருந்து போரால் இடம்பெயர்ந்த பெண்கள் மாதா கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். உளவளத்துணை என்ற மனநல ஆலோசனைப் பயிற்சி முடித்த கையோடு, மனம்விட்டுப் பேசும் குழு நடத்த அங்கே போனேன். வட்டமாக இருத்தி, "மனசிலை இருக்கிறதைக் கதையுங்கோ" என்றுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நடத்துபவர் மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று படித்திருந்தேன்.

கோயில் மண்டபம், வட்டம், மௌனம். அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டுச் செபமாலையைத் தொடங்கினாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சைவக்காரியான எனக்கு அது எப்போது முடியும் என்றுகூடத் தெரியாது. கைகூப்பியபடி எரிச்சலை அடக்கிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் சீனியில்லாத தேத்தண்ணி வந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, ஒருத்தி கரையில் விட்டுவந்த வள்ளத்தைப் பற்றிச் சொல்லி அழுதாள். பக்கத்திலிருந்தவள் தன் பனங்கட்டியை அவள் கையில் வைத்தாள்.

"என்ரை மனுசன் நித்திரையிலையும் வலை இழுக்கிறார். இழுபடுறது என்ரை சீலை" என்றாள் இன்னொருத்தி. அழுதவளே முதலில் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது.

பொழுதுபட, சைக்கிளை எடுத்தேன். செபமாலையைத் தொடங்கியவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பிள்ளை, நாங்கள் கதைச்சே பொழுதைப் போக்கிப்போட்டம். உங்கடை வகுப்பை எப்ப தொடங்கப் போறியள்?"

"அது முடிஞ்சுது அக்கா" என்றேன்.