ஆறாவது ஓட்டை

இது நடந்தது. பதினைந்து பேர் இருந்த கூடத்தில், விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டிருந்தபோது நடந்தது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

2008 டிசம்பர். பென்சில்வேனியாவில் எங்கள் ஊருக்கு எண்பது மைல் கிழக்கே ஒரு பழைய சுரங்க ஊர். ஃபிலிஸ் கௌட்ஸ் என்ற அம்மாள், இறந்துபோன தன் தகப்பனாரின் வீட்டைக் காலி செய்து பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில், பழைய சட்டைத் துணியில் சுற்றி, அந்த ரிவால்வர் இருந்தது. இடப்பக்கம் முன்னங்கால் தூக்கிய குதிரை முத்திரை. ஆறு அங்குலக் குழல். திருகி நகர்த்தக்கூடிய குறிமுனை. போட்டியில் சுடுவதற்கென்றே செய்த .38. சிலிண்டரை வெளியே தள்ளி, சட்டத்தில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தேன். என்னிடமிருந்த பட்டியலின்படி 1931-இல் செய்தது. முப்பது வருடம் மாவட்டப் பத்திரிகையில் செய்தியாளனாக இருந்தவன் நான். எண்களை நம்புவேன்; ஆட்களை அவ்வளவாக நம்பமாட்டேன்.

“யாரோடது இது?”

“எங்க அப்பா கோர்ட்ல வேலை பாத்தாரு. யாரோ குடுத்திருப்பாங்க. அவரு சுட்டதே இல்ல. வேணுமா, வேணாமா?”

காகிதங்களை முடித்து வாங்கிவிட்டேன். முதலில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டு, தயாரித்த கம்பெனியின் ஆவணப் பிரிவுக்கு எழுதினேன். பதில் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை பொறுக்க எனக்கு மனமில்லை.

குளிர்காலத்தில் புதன்கிழமைதோறும், தீயணைப்புப் படைக் கட்டடத்தின் நிலவறையில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் கூடும். ஐம்பது அடி தூரம். ஒற்றைக் கையால் சுட வேண்டும். ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போட வேண்டும். ஒரு குறி அட்டைக்கு ஐந்து ஓட்டை. ஆறு இருந்தால், பக்கத்தில் நிற்பவன் உங்கள் அட்டையில் சுட்டுவிட்டான் என்று அர்த்தம். எங்களுக்குள் அதைவிடப் பெரிய கேவலம் கிடையாது.

என் பக்கத்தில் நிற்பவன் வெண்டல் சைப். எழுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாகச் சுடும் வரிசையில் நான் நான்காம் தடம், அவன் ஐந்தாம் தடம். மனைவி போன பிறகு, வாரத்தில் அந்த ஒரு மாலைதான் அவன் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது.

ஜனவரி 7. மாலை 7:12. வரிசைக்குப் பொறுப்பான லோரெய்ன் குரல் கொடுத்தாள். “அஞ்சு போடுங்க. வலது பக்கம் ரெடி... இடது பக்கம் ரெடி...”

சுட்டோம். அட்டையை இழுத்துப் பார்த்தேன்.

ஆறு ஓட்டை.

“வெண்டல்! என் அட்டையில என்னய்யா பண்ற?”

“உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல, கண்ண மூடிட்டுச் சுட்டேன்.” சிரித்தான். “எண்ணிப் பாரு, கிளெம். என்னுதுல அஞ்சும் இருக்கு.”

“அப்ப ஆறு போட்டிருக்க.”

அவன் சிரிப்பு நின்றது.

ஜனவரி 14. கிளம்பும்போது, 6:10-க்கு, பெட்டியைத் திறந்தேன். குழல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த இரும்பு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது...

அன்றும் ஆறு ஓட்டை. வெண்டல் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். “இதப் பாரு. நம்ம குண்டு தட்டை மூக்கு, வட்டமா வெட்டும். இது கிழிச்சிருக்கு. உருண்டை மூக்குக் குண்டு. இத இங்க எவன் வெச்சிருக்கான்?”

அவன் சொன்னது சரி. என் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. “கை நடுங்குற கெழவனுக்கு இங்க என்ன வேலை?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

ஜனவரி 21. மூன்றாவது முறை. லோரெய்ன் மெதுவாகச் சொன்னாள். “ஆளுக்கு அஞ்சு சத்தந்தான் கேட்டுது, கிளெம்.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தேன். ஆறு தோட்டா போடுகிறான், அடுத்தவன் அட்டையில் சுடுகிறான், ஆபத்தானவன். கமிட்டி வெண்டலை வரிசையிலிருந்து நீக்கியது. மேலே சாப்பாட்டு மேசையில் அவன் தட்டு வைக்கும் இடம் காலியானது. எனக்கு அது போதவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. இவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஜனவரி 28. மாலை 7:41. ஐந்தையும் சுட்டு முடித்திருந்தேன். தன் பெட்டியை எடுத்துப்போக வெண்டல் படியிறங்கி வந்தான். ஐந்தாம் தடத்தில் குனிந்து நிமிர்ந்தான்.

“கண்ணாடிய மாத்து, கிளெம். ஓட்டைய எண்ணத் தெரியாதவன் பக்கத்துல இத்தன வருஷம் நின்னிருக்கேன்.”

திரும்பினேன்.

ரிவால்வர் கையில். ஐந்தும் தீர்ந்தாயிற்று. வெற்று இரும்பு. அப்படித்தான் நினைத்தேன்...

டிக்... டிக்.

துப்பாக்கியின் சுத்தியல் பின்னால் போன சத்தம்.

என் கட்டைவிரல்தான். நான் அசைக்கவில்லை.

குழல் வெண்டலின் நெஞ்சுக்கு நேராக...

விரல் இறுகியது.

“கிளெம்!”

லோரெய்னின் கை குறுக்கே பாய்ந்தது. சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவே அவள் தன் கையைக் கொடுத்தாள். சுத்தியலின் ஊசிமுனை அவள் சதையில் இறங்கியது. ரத்தம்.

சுவர்க் கடிகாரத்தில் 7:42.

சிலிண்டரைத் திறந்தாள். ஐந்து வெற்று உறைகள்.

ஆறாவது அறையில்... ஒரு தோட்டா. கறுத்துப்போன பித்தளை. உருண்டை மூக்கு.

வெண்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

மார்ச்சில் கம்பெனியின் பதில் வந்தது. 1931-இல் அதே சுரங்க ஊரின் இரும்புக்கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். 1938 ஜனவரி 27 இதழ், முதல் பக்கம். வங்கிக் காசாளர் ஆம்ப்ரோஸ் ஹெஃப்லி. தன் அட்டையில் பக்கத்துத் தடத்துக்காரர் சுடுவதாகத் தொடர்ந்து மூன்று வாரம் புகார் செய்திருக்கிறார். அந்த ஊர்த் துப்பாக்கி கிளப் அந்த மனிதரை நீக்கியது. அடுத்த புதன்கிழமை அவர் தன் சாமான்களை எடுக்க வந்தார். ஹெஃப்லி திரும்பி, அந்த இரும்புக்கடையில் வாங்கிய ரிவால்வரால் அவரைச் சுட்டார்.

ஃபிலிஸ் கௌட்ஸுக்குப் போன் செய்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் வித்தேன்.” வைத்துவிட்டார்.

அதை இன்னொருவன் தலையில் கட்டும் புத்தி எனக்கில்லை. பட்டறையில் கொடுத்து, என் கண் முன்னால் நான்கு துண்டாக அறுக்கச் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, செய்தியின் நகல்களோடு வெண்டல் வீட்டுக்குப் போனேன். அவன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே படித்தான்.

“புதன்கிழமை வரேன்னு சொல்லு. உன் பக்கத்துல நிக்கமாட்டேன்.”

“சரி.”

“அந்த ஹெஃப்லி ஆறு போட்டிருந்தானா?”

வழக்கு விசாரணை பற்றிய இரண்டாவது நகலைக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் போலீஸ் சொன்ன சாட்சியம் அதில் இருந்தது. துப்பாக்கியைக் கைப்பற்றியபோது உள்ளே ஐந்து வெற்று உறைகள். ஹெஃப்லியின் அட்டையில் ஐந்து ஓட்டைகள். ஆறாவது அறையில் எண்ணெய்ப் படலம் கலையாமல் இருந்தது. அதிலிருந்து எதுவும் சுடப்படவில்லை.

இறந்தவரின் நெஞ்சிலிருந்து எடுத்த குண்டு, அந்தத் துப்பாக்கியினுடையது.