சுமிநோ அக்காவும் மெழுகு வணிகர் வீடும்

எங்கள் தோஃபு கடைக்கு எதிரே இருக்கும் இமாயோஷி வீடு, மெழுகு வியாபாரத்தில் செழித்த குடும்பத்தின் பழைய மாளிகை. பார்க்க வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுபவர் சுமிநோ அக்கா. இளம் வயதில் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தவர். அந்தக் கணீர்க் குரல் அறுபதைத் தாண்டியும் குறையவில்லை. யாரையும் நின்றபடி தோட்டம் பார்க்க விடமாட்டார்.

"உக்காருங்க! இந்த வீட்டு மெழுகு வியாபாரி அந்தக் காலத்துல விருந்தாளிய உக்கார வெச்சுதான் விலையே பேசுவாரு. நின்னா பைன் மரம் மட்டுந்தான் தெரியும்."

உட்கார்ந்ததும் குளமும் கல்விளக்கும் பாசி மேடும் ஒன்றாகக் கண்ணில் விழும். வாயாடிகள்கூட அடங்கிப் போவார்கள்.

ஒரு ஜூலையில் ஒசாகாவிலிருந்து பெண்கள் கூட்டம் வந்திருந்தது. மழை விடவில்லை. பக்கத்து ஆறு கரை விளிம்புவரை ஏறிவிட்டது என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா உடனே அவர்களைக் கிளம்பச் சொன்னார்.

"நீங்க வரலையா?" என்றார் கூட்டத்தின் தலைவி யாசுயோ.

"பாயெல்லாம் மாடிக்கு ஏத்திட்டு வர்றேன்."

"ஒத்தை ஆளாவா? கிறுக்கா உங்களுக்கு?" யாசுயோ சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஏய், எல்லாரும் வாங்கடி!"

வைக்கோல் திணித்த தத்தாமி பாய் ஒன்றைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். மாடிப்படியோ செங்குத்து.

"வீட்டுல தலைகாணிகூட தூக்கமாட்டேன். இங்க டிக்கெட் வாங்கிட்டு மூட்டை தூக்குறேன்!" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள்.

"பேசுற மூச்சுல தூக்குடி!"

சிரித்துக்கொண்டே பாய்களையும், நாரை ஓவியம் தீட்டிய நகரும் கதவுகளையும் மேலே ஏற்றிவிட்டார்கள். கடைசிக் கதவு ஏறியதும் அக்கா பழைய பேருந்துக் குரலில் அதட்டி அத்தனை பேரையும் வெளியேற்றினார். மேட்டில் நின்ற அவர்களது பேருந்தில் அக்காவும் நானும் ஏறிக்கொண்டோம். மாலைக்குள் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தது.

வடிந்தபின் வீடு நிமிர்ந்து நின்றது. தோட்டத்தைத்தான் காணவில்லை, எங்கும் சேறு. அக்கா அழவில்லை. தோட்டவேலைக் கைக்கரண்டியால் கல்விளக்கைச் சுற்றிச் சேற்றை வழிக்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவரவர் வீட்டுச் சேறே தலைக்குமேல் கிடந்தது. பல நாள் தனியாகத்தான் வழித்தார்.

மாதக் கடைசியில் ஒரு காலை, தெருவில் பேருந்து வந்து நின்றது. ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியுமாக யாசுயோ இறங்கினார், பின்னாலேயே அத்தனை பேரும்.

"என்ன முழிக்கிறீங்க? அன்னிக்குத் தோட்டத்தப் பாதிதான் பாத்தோம். மீதிய எடுத்துக் காட்டுங்க!"

அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். சற்று நேரம் கழித்து, கண் சிவந்து, எல்லோருக்கும் பார்லி டீ கொண்டுவந்தார்.