ஒடியல் மாவும் அழித்த பதிவுகளும்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஏழு மணிக்கு நான் செய்யும் முதல் வேலை உருளைக்கிழங்கு கழுவுவது. இரண்டாவது வேலை அமெரிக்காவைத் திட்டுவது. ஒரு காதில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். மற்றக் காதைச் சக ஊழியர்களுக்காகத் திறந்து வைத்திருப்பேன். பத்தரைக்கு இடைவேளை வந்ததும் கோப்பியோடு மூலைக் கதிரையில் உட்கார்ந்து, அன்று வயிற்றெரிச்சலைக் கிளப்பிய செய்தி எதுவோ அதைப் பற்றித் தொலைபேசியிலேயே தமிழில் எழுதி முகநூலில் போட்டுவிடுவேன். எட்டு வருடமாக இதுதான் பழக்கம்.

"உமக்குத் திட்டுறதுக்கு ஒஸ்லோவில ஒருத்தரும் கிடைக்கேல்லையே?" என்று என் கணவர் கேட்பார். அவர் பஸ் ஓட்டுநர். நாள் முழுக்கச் சனத்தோடு மாரடித்துவிட்டு வருபவர், வீட்டில் அரசியல் கேட்டால் சோபாவில் சரிந்துவிடுவார்.

"அமெரிக்காவிலையல்லோ என்ரை தம்பி இருக்கிறான்" என்பேன்.

நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்களை அனுப்பிய முகவர் என்னை ஒரு பாதையிலும் அவனை இன்னொரு பாதையிலும் ஏற்றிவிட்டார். நான் நோர்வேயில் இறங்கினேன், அவன் எங்கெங்கோ அலைந்து அமெரிக்காவில் கரையேறினான். எனக்கு இங்கே குடியுரிமை கிடைத்து எத்தனையோ காலம். அவனுடைய அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு, நிரந்தர வதிவிட அட்டை கிடைத்ததே மிகவும் பிந்தி. குடியுரிமை நேர்காணலுக்கு இன்னும் காத்திருக்கிறான். அதனால் அமெரிக்க அரசியல் எனக்கு உலகச் செய்தி இல்லை, வீட்டுச் செய்தி.

முதல் பதிவு எழுதியதே அவன் வீட்டுச் சங்கதியை வைத்துத்தான். அவன் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, ஒரு மருந்து வேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். காப்புறுதிக் கம்பனியில் அவளைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அதே கிழமை நான் குரோருட் சுரங்க ரயில் நிலையத்துக்கு இறங்கும் சரிவில் பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அவசர சிகிச்சை நிலையத்தில் மாக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நாலு மணித்தியாலம் காக்க வைத்துவிட்டார்கள் என்று வழியெல்லாம் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மற்றக் கையால் எழுதினேன்.

அதன்பின் கை நிற்கவில்லை. நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆனால் பணக்காரருக்கு வரியைக் குறைத்தால் அது வழிந்து வழிந்து கீழே இருப்பவருக்கும் வந்து சேரும் என்று அங்கே மேடைபோட்டுச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் சமையலறையில் பெரிய சட்டியில் இருப்பதை யாராவது அகப்பையால் அள்ளிப் போட்டால்தான் தட்டுக்குச் சாப்பாடு வருகிறது. தானாக வழிந்து வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே குடிவரவு அதிகாரிகள் முகத்தை மூடிக்கொண்டு வந்து, வேலைக்குப் போகும் மனிதரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று சிரிக்க முடியவில்லை. அந்த வாகனத்தைப் பற்றி, ஊரில் வெள்ளை வான் வந்து ஆட்களைக் கொண்டுபோனதைக் கண்ட எங்கள் சனத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அன்று சூப்புக்கு இரண்டுமுறை உப்புப் போட்டுவிட்டேன்.

எனக்கு வாசகர் என்றால் பெரும்பாலும் சொந்தக்காரர்தான். அவர்களிலும் பாதிப்பேர் சண்டை பிடிக்கத்தான் வருவார்கள். அதில் தலைவர் பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் என் கணவரின் தமையன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியைச் சோற்றில் குழைத்துக்கொண்டே தொடங்குவார்.

"பிள்ளை, அந்தாள், அமெரிக்க ஜனாதிபதி, சொன்னதைச் செய்யுது. களவாய் வந்தவையைத்தானே அனுப்புது. உனக்கென்ன?"

"நீங்கள் என்ன விசாவில வந்தனீங்கள்?" என்று கேட்டேன் ஒருமுறை.

அவர் கறிக்கு உறைப்புக் காணாது என்றார். அடுத்த ஞாயிறும் வந்தார். அவர் வராவிட்டால் எனக்கும் சாப்பாடு இறங்காது, அது வேறு கதை.

நோர்வே சொர்க்கம் என்று நான் எழுதியதில்லை. இங்கேயும் தேர்தல் வந்தால் எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கும் குரோருட் பள்ளத்தாக்கைப் பற்றிச் சிலர் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். ஆனாலும் எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, அதைச் சொல்ல என்ன கூச்சம். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கூடி முற்றம் கூட்டுவோம். டுக்னாட் என்பார்கள். சோமாலியத் தாய்மாரும், ஓய்வுபெற்ற நோர்வேஜியரும், என் கணவரும் வரிசையாக நின்று குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கப் போட்ட குறுமணலை வாருவார்கள். முடிந்ததும் சொசேஜும் கோப்பியும். மண்வாரியோடு நிற்கும் அந்தக் கூட்டத்தைப் படம்பிடித்து, "இதையும் ஒரு அரசியல் என்று சொல்லலாம்" என்று போன வருடம் போட்டிருந்தேன்.

இந்த வருட டுக்னாட் அன்றுதான் தம்பி தொலைபேசியில் வந்தான். மகளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. டிசம்பர் முதல் கிழமையில் நாள். அவனுக்கு ஒரே மகள், எனக்கு ஒரே மருமகள். நான் மண்வாரியைப் போட்டுவிட்டுச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண்ணின் தலையில் மாமி பாலும் அறுகம்புல்லும் வைத்துத்தான் குளிக்க அனுப்புவது. அவளுக்கு மாமி என்று இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். மருமகளும் தொலைபேசியை வாங்கி, தன் உடைந்த தமிழில், "மாமி வரேல்லையெண்டா நான் குளிக்கவே மாட்டன்" என்றாள்.

தம்பி தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. வாறதெண்டால் அந்த எழுத்துகளை எடுத்துவிடுங்கோ."

"எந்த எழுத்துகளை?"

"எல்லாத்தையும். இப்ப உள்ள வர விடமுன்னம் ஃபோனை வாங்கிப் பாக்கினமாம். உங்களைத் திருப்பி அனுப்பினால் பரவாயில்லை. என்ரை நேர்காணல் வரப்போகுது. இவன்ரை அக்கா இப்பிடி எழுதுறா எண்டு கோப்பில ஏறினால் நான் என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நான் பொய் எழுதவில்லை, யாரையும் அடி என்று எழுதவில்லை. நோர்வேயில் இருந்துகொண்டு தமிழில் எழுதுவதற்கு அமெரிக்காவிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. "நான் கேக்கிறது பிழை எண்டு எனக்குத் தெரியும் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். எழுத்தை வைத்திருந்தால் கல்யாணம் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் எழுத்து இல்லை. கணவரைக் கேட்டேன்.

"உம்மடை எழுத்து நல்ல எழுத்துத்தான்" என்றார். எட்டு வருடத்தில் அவர் அதைச் சொன்னது அன்றுதான். "ஆனால் பிள்ளையின்ரை தலையில அது பால் வைக்காது."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருந்து அழிக்கத் தொடங்கினேன். முதலில் அந்த ஜனாதிபதியைப் பற்றிய பதிவுகள். பிறகு காப்புறுதி, பிறகு வரி. அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் அம்மா வீட்டில் இருந்த கடதாசிகளை எல்லாம் அடுப்பில் போடுவா. ஒருமுறை அவசரத்தில் என்னுடைய சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளையும் சேர்த்து எரித்துவிட்டா. எனக்கும் அந்தக் கைதான். டுக்னாட் படத்தில் "அரசியல்" என்ற சொல் இருந்தது, அழித்தேன். பேரணிக் கூட்டம் பின்னால் தெரிகிறது என்று மே மாதத் தேசிய தினக் கேக்கையும் அழித்தேன். மாக்கட்டுப் போட்ட மணிக்கட்டையும் அழித்தேன். கடைசியில் கணக்கையே மூடினேன். அமெரிக்கப் பயண அனுமதிப் படிவத்தில் சமூக வலைத்தளக் கணக்குகள் கேட்கும் இடத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அனுமதி மறுநாளே வந்தது.

அதன்பின் சந்தோஷமாகப் பொதி கட்டினேன். சேலை, மச்சாளுக்கு நோர்வேயின் பழுப்புச் சீஸ், மாப்பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை. தம்பி இருக்கும் ஊரில் தமிழ்க்கடை கிடையாது, ஒடியல் கூழ் குடித்து எத்தனை வருடமோ என்று அவன் சொல்லியிருந்தான். ஒஸ்லோத் தமிழ்க்கடையில் அந்தக் கூழுக்கான பனங்கிழங்கு மாவை, ஒடியல் மாவை, வாங்கினேன். கடைப் பொதி கிழிந்துவிடும் என்று பயந்து, அதைப் பேரும் இல்லை ஊரும் இல்லை என்ற மாதிரி வெறும் பிளாஸ்ரிக் பைகளில் கொட்டி, காற்றுப் போகாமல் ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன்.

இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

அமெரிக்க விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் பார்த்த இளைஞன் ஏன் வந்தாய் என்று கேட்டான். மருமகளின் கல்யாணம் என்றேன். என்ன வேலை என்றான். முதியோர் இல்லத்தில் சமையல் என்றேன். வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்தினான். தொலைபேசியை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் பொதிகளை எடுத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் ஒரு நாய் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பழுப்புச் சீஸ்தான் அதற்கு மணத்திருக்க வேண்டும். ஆனால் பெட்டியைத் திறந்த அதிகாரி கையில் எடுத்தது நாடா சுற்றிய மூன்று மாப் பைகளை. என் கணவர், கல்யாணமாகி முப்பது வருடமானவர், என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி நாலடி தள்ளி நின்றார். பனங்கிழங்கை எப்படி அவித்துக் காயவைத்து இடிப்பது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். வாயடைத்துப் போயிருக்க வேண்டிய நேரத்தில், ஒடியலுக்கு அவிப்பதில்லை, பச்சையாகத்தான் காயவைப்பது, அவித்தால் அது புழுக்கொடியல் என்று தூரத்தில் நின்று கணவர் திருத்தினார். ஒரு மணித்தியாலம் சோதித்தார்கள். ஒரு பையை எறிந்துவிட்டு, இரண்டைத் தந்துவிட்டார்கள். எட்டு வருட எழுத்தை ஒரு ஆளும் கேட்கவில்லை.

கல்யாண வீட்டில் இதைச் சொல்லச் சொல்ல எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பிதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தான். கல்யாணத்தன்று காலை மருமகளின் தலையில் பாலும் அறுகும் வைத்தேன். பால் நெற்றியால் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காக எட்டு வருடத்தை இன்னொருமுறையும் அழிப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபம் இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. என்னை யாரும் தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்ற பயத்தை மட்டும் பரப்பிவிட்டிருந்தார்கள். மீதி வேலையை நானே சனிக்கிழமை மத்தியானம் இருந்து செய்து முடித்தேன்.

திரும்பும் நாள் தம்பி எங்களை விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோனான். பின் சீற்றில் கணவர் நித்திரை.

"அக்கா, திரும்ப எழுதுங்கோ" என்றான்.

"உனக்குப் பயமில்லையே?"

"பயம்தான். நேர்காணல் முடியுமட்டும் பயம்தான். ஆனால் மத்தியானம் வேலையில சாப்பிடேக்கை உங்கடை எழுத்தைத்தான் வாசிக்கிறனான். இப்ப சாப்பாடு மட்டும்தான் கிடக்கு."

விளக்குச் சந்தியில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"என்ரை பேர் வேண்டாம். பிள்ளையின்ரை பேரும், இந்த ஊரின்ரை பேரும் வேண்டாம்."

"என்ரை பேரை நான் போடலாம்தானே?"

"உங்கடை பேருக்குப் பின்னால அப்பாவின்ரை பேரெல்லோ வருகுது அக்கா. எனக்கும் அதுதானே."

ஒஸ்லோவுக்கு வந்து மூன்றாம் நாள், பத்தரை மணி இடைவேளையில், இதை எழுதத் தொடங்கினேன். கல்யாணம் கட்டியும் மாற்றாமல் நான் வைத்திருக்கும் பெயர் அப்பாவுடையது. அவர் எங்களுக்குக் கொடுத்துவிட்ட சொத்தில் கடல் தாண்டி வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். சண்டை நடந்த ஊரில்கூட நான் அதை மறைத்ததில்லை. சுதந்திர நாடு என்று நம்பிப் போன என் தம்பிக்காக இந்தப் பக்கத்தில் அதை எழுதாமல் விடுகிறேன்.