துரியோதனன் தொடைக்குள் இருந்த பானை

பிள்ளைகளே, போன வருஷம் கோடையில், பிச்சாட்டூர் பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் நகரியில் பவர்லூம் ஓட்டுகிற நான், அந்தத் திருவிழாக் கூத்தில் பீமன் வேஷம் கட்டுகிறவன்.

கடைசி நாள் காலையில் படுகளம். கூத்து நடந்த அதே திடலில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய சின்னப் பானை ஒன்று மறைந்திருக்கும். பீமன் கதாயுதத்தால் அடித்ததும் அது உடைந்து ரத்தம்போல் வழிய வேண்டும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி தன் சபதப்படி, விரித்த கூந்தலை முடிவாள். வழியாவிட்டால் ஊருக்கு ஆகாது என்பார்கள். பீமன் வேஷமும் அடுத்த வருஷம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வழக்கமாக உருவம் செய்கிறவர், பானை இருக்கும் இடத்தில் ஒரு வேப்பிலையைச் செருகி எனக்கு அடையாளம் காட்டுவார். போன வருஷம் அவர் வரவில்லை. திருப்பதியில் சிற்பம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஊர்க்காரர்கள் அழைத்து வந்தார்கள்.

எனக்கு அவளைப் பார்த்ததுமே சந்தேகம். தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் கதாயுதம் சுழற்றுவதை மட்டும் செல்போனில் பிடித்தாள். ஆட்டம் முடிந்ததும், மேளக்காரர் பக்கத்திலிருந்து நான் நின்ற இடம்வரை காலடியால் அளந்தாள். நம் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு போய் வேறெங்கோ பேர் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். பானையை எங்கே வைப்பாய் என்று கேட்டால், பிறகு சொல்கிறேன் என்று நழுவினாள்.

படுகளத்தன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். உருவம் அவ்வளவு அழகு. மீசை முறுக்கில்கூடத் திமிர் தெரிந்தது. ஆனால் வேப்பிலை இல்லை. கும்பிடுகிற மாதிரி குனிந்து தொடையை விரலால் அமுக்கிப் பார்த்தேன். பின்னால் வாளியோடு அவள்.

"தொடாதீங்கண்ணா, ஈரம்."

"பானைய வெச்சியா இல்லியாம்மா?"

"வெச்சிருக்கேண்ணா. எடத்த சொன்னா அங்கியே பாத்துக்கினு வருவீங்க. நீங்க பாத்தா சனமும் பாக்கும். எப்பவும்போல ஆடிக்கினு வந்து அடிங்க."

மறந்துவிட்டு மழுப்புகிறாள் என்றே எனக்குப் பட்டது. திரௌபதி வேஷக்காரன் வேறு, தலைவிரிகோலமாக டீ குடித்தபடி, "மாமா, ரத்தம் வரலன்னா நான் இப்பிடியேதான் பஸ் ஏறணும். கண்டக்டர் ஏத்த மாட்டான்" என்றான்.

மேளம் முழங்கியது. அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆட்டத்தைப் பாதியில் விட்டு, தொடையில் கொஞ்சம் மேடாகத் தெரிந்த இடத்தைக் குறிபார்த்து அடித்தேன். வெறும் மண் தெறித்தது. வேறு வழியில்லாமல் பின்னால் மேளக்காரர் பக்கம் போய், தினமும் ஆடுகிற ஆட்டத்தை முதலிலிருந்து ஆடி, சுழன்று வந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். மடாரென்று ஒரு சத்தம். சிவப்பு என் முகம்வரை தெறித்தது.

பிறகு செல்போனில் காட்டினாள். எல்லா ஆட்டத்திலும் என் அடி கடைசியாக ஒரே இடத்தில்தான் இறங்கியிருந்தது. எனக்கே தெரியாத சங்கதி. நான் வந்து நிற்கும் தூரத்துக்கு ஏற்றபடி உருவத்தைக் கிடத்தி, அந்த அடி விழும் இடத்தில் பானையைப் புதைத்திருக்கிறாள்.

பிள்ளைகளே, சந்தேகப்படுகிற என் குணம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் கூட வேலை செய்கிற ஒருவர் பேசாமல் என்னையே கவனித்துக்கொண்டிருந்தால், இவர் எனக்காகத்தான் ஏதோ செய்கிறாரோ என்று இப்போது ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன்.