செல்வராணி கடற்கரையில் கேட்டது

எங்கள் சல்லி ஊர்க் கரையில் கடலுக்குப் புறப்படுகிறவனிடம் "எங்க போறியள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் அன்று மீன் படாது என்பார்கள். அந்த வழக்கத்தை நான் என் நோயை மறைக்கப் பயன்படுத்தினேன்.

மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி நாலு மாதம். மூலம்தான், கடற்சூடு என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். உடுப்பில் கறையைக் கண்டு மனைவி செல்வராணி வாயெடுக்கும்போதெல்லாம் வலையைத் தோளில் போட்டுவிடுவேன். அவளும் அடங்கிவிடுவாள். என்ன கெட்டித்தனம்!

ஒரு காலை அவள் படகுக்கு முன்னால் வந்து நின்றாள். "இரத்தம் போகப் போக எங்க போறியள்?"

கரை முழுக்கக் கேட்டது. "உனக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். என்னோடு கடலுக்கு வரும் கூட்டாளி வலையை இறக்கி வைத்தான்.

"இண்டைக்குத் தொழில் இல்லை அண்ணை. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

குடல்நோக்கிப் பரிசோதனையில் (ஆசனவாய் வழியே கமரா விட்டுப் பார்ப்பது) பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதை ஸ்கான்தான் சொல்லும். முடிவு வர ஆறு நாள் ஆனது. பயத்தில் சோறு இறங்கவில்லை.

"குடலில இருந்தது ஈரலுக்கு எப்படி டொக்டர் போகும்?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கலங்கள் (செல்கள்) பெப்டைடு எனப்படும் சின்னப் புரதத் துண்டுகளை வெளியே விடுகின்றன. புற்றுக் கலத்தின் மேலிருக்கும் ஏற்பி (செய்தியைப் பிடிக்கும் புரதம்) அதைப் பிடித்தால், பெருகு, நகரு என்ற கட்டளை உள்ளே போகிறது. அப்படி நகர்பவை இரத்தத்தில் ஏறி ஈரலில் குடியேறலாம்.

"எங்கட போட் ரேடியோ மாதிரி. ஒருத்தன் மீன் இருக்கெண்டா, கேட்டவன் எல்லாம் ஓடுவான்."

"ஓம் ஐயா, அதேதான். அந்த ஏற்பியை அடைக்கிற மருந்தும் சிலருக்குக் குடுக்கிறம். உங்களுக்கு முதல்ல வெட்டி எடுப்பம்."

ஸ்கான் முடிவு வந்தது; ஈரலில் ஒன்றும் இல்லை. செல்வராணி ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். "நாலு மாசமா நானும் கேக்காமல் விட்டிட்டனே" என்றாள். பிழை என்னுடையது, அவளோ தன்னைத் திட்டினாள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கீமோ மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தால், ஐஸைத் தொட்டால் விரலில் கரண்ட் அடித்தது. மீன்காரனுக்கு இதைவிட என்ன தண்டனை! கூட்டாளிதான் என் மீனுக்கும் ஐஸ் போட்டான். அவனுக்கும், அலுக்காமல் புண்ணுக்கு மருந்து கட்டிய தாதிமாருக்கும் நான் கடமைப்பட்டவன்.

வாடை, கச்சான் என்று காற்றை வைத்து நாள் எண்ணியவன், இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்ததுக்கு எண்ணுகிறேன். முன்பு வயிறு இருப்பதே பசித்தால்தான் தெரியும். இப்போது அது ஒழுங்காக வேலை செய்யும் ஒவ்வொரு காலையும் சந்தோசமாக இருக்கிறது.

இரத்தம் கண்டவர்கள் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். செல்வராணிக்கு நன்றி என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இன்னும் ஏலவில்லை. இது அச்சில் வந்தால் முதலில் வாசிப்பவள் அவள்தான்.